ரோலர் தேய்ந்தால் ஜன்னலையே மாற்ற வேண்டுமா?

செம்பூரானாலும் டோம்பிவிலியானாலும், மும்பையில் நம்மவர் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளில் அநேகமாக இருப்பது, அலுமினியச் சட்டத்தில் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் ஜன்னல்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த பின் அது முரண்டு பிடிக்கத் தொடங்குகிறது. "பழசாகிவிட்டது, மொத்தமாக மாற்றிவிடலாம்" என்கிறார் காண்ட்ராக்டர். நாமும் தலையாட்டி விடுகிறோம். பல வீடுகளில் இது வீண் செலவு என்பது என் கருத்து. கெட்டிருப்பது ஜன்னல் அல்ல; கதவின் அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு சிறு ரோலர்களே.

ரயில் பெட்டிகளைப் பராமரித்தே காலம் கழித்தவன் நான். சென்னைப் பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டிகளில், ஜன்னல் ஷட்டர் மேலும் கீழும் ஓடும். தூக்கிவிட்டால் இருபுறப் பிடிகளும் அதைத் தாங்கும். ஒரு பக்கப் பிடி தேய்ந்தால் ஷட்டர் சாய்ந்து சிக்கும். அல்லது வண்டி குலுங்கும்போது பயணியின் விரல்மேல் விழும். அதற்காக யாரும் பெட்டியையே கழித்துவிடவில்லை. பிடியை மாற்றினோம். அந்த வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றுவிட்டது; ஆனால் அவற்றுக்கு விதித்திருந்த ஆயுள் 25 ஆண்டுகள். சிறு உறுப்புகளை மாற்றி மாற்றித்தான் அந்த ஆயுளை எட்ட முடிந்தது.

வீட்டு ஜன்னலுக்கும் அதே நியாயம்தான். தடத்தில் மண்ணும் சிமென்ட் தூளும் சேர்கின்றன. இறுகிய ரோலர் உருளாமல் இழுபடுகிறது; ஒரு பக்கம் தட்டையாகிறது. கதவு சாய்வதால் பூட்டும் பொருந்துவதில்லை. சிலர் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகிவிடும். தடத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்ப்பது எவ்வளவோ மேல்.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 5 மி.மீ. கண்ணாடி, சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ எடை. சிக்கிய கதவைப் பலம்கொண்டு இழுக்கும்போது, தேய்ந்த ரோலர் தடத்தைவிட்டு எகிறினால், வெளியே கம்பிக் கிராதி இல்லாத மாடி வீட்டில் அந்தக் கனம் எங்கே போய் விழும் என்று எண்ணிப் பாருங்கள். கீழே குழந்தைகள் விளையாடும் இடமாக இருக்கலாம். இன்னொரு பக்கம், தனியாக வாழும் முதியவர்கள் ஜன்னலைத் தள்ள முடியாமல் நாள் முழுதும் மூடியே வைத்திருக்கிறார்கள். காற்றுக்கூட வராத வீடு என்ன வீடு?

கிராதி உள்ள வீட்டில் இந்த வேலையை நாமே செய்யலாம். ஆனால் இருவர் வேண்டும். வீட்டுக்குள் நின்றபடியே கதவை மேலே தூக்கி, அடிப்பகுதியை உட்புறமாக இழுத்தால் பெரும்பாலான கதவுகள் வந்துவிடும். கழன்று வராமலிருக்க மேலே தடுப்புக்கட்டை இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் பொருத்த வேண்டும். பழைய ரோலரைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அகலமும் பள்ளமும் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். இரண்டு ரோலர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கதவு மறுபடி சாயும். திருகாணி எவர்சில்வராக இருக்கட்டும். சாதாரண இரும்பு, அலுமினியத்தோடு சேர்ந்து, இந்தக் கடற்காற்றில் சீக்கிரம் அரித்துவிடும். தடத்தின் வெளிப்புறம் நீர் வடியும் துளைகளில் அடைப்பை எடுத்துவிட்டால், மழைநீர் வீட்டுக்குள் வழிவதும் குறையும். எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம் ஹோட்டலில் ஒரு வேளை சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. கிராதி இல்லாத மாடி ஜன்னல், விரிசல் விட்ட கண்ணாடி, சுவரைவிட்டு அசையும் சட்டம், வெளிப்பக்கம் எட்டிச் செய்ய வேண்டிய வேலை ஆகியவற்றைத் தொழில் தெரிந்தவரிடமே விட வேண்டும். அவரிடமும் "ரோலரை மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். சின்ன வேலைக்கு ஆள் வருவதில்லை என்பது உண்மைதான். ஒரு வீட்டுக்கு வராதவர் நாற்பது வீட்டுக்கு நிச்சயம் வருவார்.

ஆகவே ஹவுசிங் சொசைட்டி நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. லிஃப்டையும் தண்ணீர்த் தொட்டியையும் முறை வைத்துக் கவனிப்பதுபோல், ஒவ்வொரு மே மாதமும் எல்லா வீட்டு ஜன்னல்களையும் ஒருமுறை பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். முதியவர்கள் தனியே இருக்கும் வீடுகளில் முதலில் தொடங்குங்கள். ஜூன் இரண்டாவது வாரம் மழை வந்த பிறகு, ஜன்னலைக் கழற்றிவைத்து வேலை பார்க்க இந்த ஊரில் இடமிராது.