சீசர் சொன்ன பொய்யும் நாம் சொல்லும் பொய்யும்

கல்லூரியில் வரலாற்றுக் கண்காட்சி என்று போட்டால் ஒரு மேசையில் கட்டாயம் பழங்காசுகள் இருக்கும். அதில் ரோமானியக் காசு நாலைந்து இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் ஓர் அட்டையை நிறுத்தி, "அன்றே உலகை வென்ற தமிழன் வணிகம்" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுவார்கள். பார்க்க வருபவர்களும் பெருமையாக ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார்கள்.

எனக்கு அந்த மேசையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அதில் மூன்று பொய்கள் இருக்கின்றன. முதல் பொய்யைச் சொன்னது சீசர். இரண்டாவதைச் சொல்வது நாம். மூன்றாவதைச் சொன்னது அந்தக் காசை விற்ற ஆசாமி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பொய்: அரசன் அடித்த விளம்பரம்

ரேடியோ இல்லை, போஸ்டர் இல்லை, கட்சிப் பத்திரிகை இல்லை. ஸ்பெயினிலிருந்து சிரியா வரை பரந்த ஒரு சாம்ராஜ்யத்தில் ராஜாவின் முகத்தை ஒவ்வொருவன் கையிலும் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன வழி? காசுதான். தலைப்பக்கம் முகம், சுற்றிப் பட்டம், பின்பக்கம் செய்தி.

இந்தியாவில் அதிகமாகக் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகளில் இரண்டு வகை முக்கியம். ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள். காயஸ், லூசியஸ் என்று பெயர். மகள் வயிற்றுப் பேரன்களைத் தத்தெடுத்து, "எனக்குப் பின் இவர்கள்தான்" என்று தாத்தா ஊருக்குச் சொன்ன அறிவிப்பு அது. வாரிசு அரசியல் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் கவனிக்க! லூசியஸ் கி.பி. 2-இல் செத்துப்போனான், காயஸ் கி.பி. 4-இல். பேரன்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்கள் படம் போட்ட காசுகள் கப்பலேறித் தமிழகம் வந்துகொண்டிருந்தன.

இன்னொன்று டைபீரியஸ் வெளியிட்டது. அவன் காசில் தன்னைத் "தெய்வீக அகஸ்டஸின் மகன்" என்று போட்டுக்கொண்டான். உண்மையில் வளர்ப்பு மகன். பின்பக்கம் "தலைமைப் பூசாரி" என்று இன்னொரு பட்டம். ஆக மொத்தம் ஒரு ரூபாய் அகலம்கூட இல்லாத வெள்ளித் துண்டில் வம்சம், தெய்வம், மதம் மூன்றையும் ஏற்றிவிட்டான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பிற்காலச் செப்புக்காசுதான். கி.பி. 348 வாக்கில் வெளியான ஒரு வகையில் ரோமானிய வீரன் ஒருவன் குதிரையிலிருந்து விழுந்த எதிரியை ஈட்டியால் குத்துவான். சுற்றிலும் எழுதியிருப்பதன் பொருள், "நல்ல காலம் திரும்பிவிட்டது". அடுத்த அறுபத்திரண்டு வருடத்தில், கி.பி. 410-இல், ரோமாபுரி நகரமே சூறையாடப்பட்டது. நல்ல காலம் வந்துவிட்டது என்று அரசாங்கம் சொல்ல ஆரம்பித்தால் ஜனங்கள் ஏன் பயப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

நம்ம ராஜாக்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த மாக்கோதை என்ற சேரன் காசைப் பாருங்கள். ரோமானியக் காசைப் போலவே ஒரு தலை, மேலே பிராமி எழுத்தில் பெயர். சரக்கோடு சேர்த்து விளம்பர வித்தையையும் இறக்குமதி செய்துவிட்டார்கள்! பிற்பாடு "கங்கைகொண்ட சோழன்" என்று ஒருவர் காசு அடித்தார், "சோணாடு கொண்டான்" என்று ஒரு பாண்டியர் அடித்தார். கல்வெட்டு மெய்க்கீர்த்திகளில் ஜெயித்த போர் எல்லாம் வரிசையாக வரும். தோற்ற போர் ஒன்றாவது வருமா?

எங்க ஊர் திருவதிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பர் மனம் மாறிய தலம். அவரைப் பின்பற்றிச் சமணத்தை விட்ட பல்லவ மன்னன், பாடலிபுத்திரத்தில் (இன்றைய திருப்பாதிரிப்புலியூர்) இருந்த சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து இங்கே குணபரவீச்சரம் கட்டினான் என்று பெரியபுராணம் சொல்கிறது. குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டம். நூல் எழுதப்பட்டது சுமார் ஐந்நூறு வருடம் கழித்து. அதனால் ஒவ்வொரு விவரமும் அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் கோயிலின் பெயரிலேயே தன் பட்டத்தை வைத்துக்கொள்வது என்பது அரசியல் இல்லையென்றால் வேறு என்ன? காசில் முகம் போட்டான் சீசர். கல்லில் பெயர் போட்டார்கள் நம்மவர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது பொய்: நாம் அடிக்கும் விளம்பரம்

"ரோமாபுரிப் பொன்னையெல்லாம் தமிழன் காலி செய்துவிட்டான்!" மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆதாரம் கேட்டால் ப்ளினியைக் காட்டுவார்கள். கி.பி. 77 வாக்கில் அவர் எழுதியது: வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதாம். இன்னோர் இடத்தில் இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்துப் பத்துக் கோடி. சரி, அவர் இதை எந்த இடத்தில் சொல்கிறார்? ஆடம்பரத்தையும் பெண்களையும் திட்டுகிற இடத்தில். ஒழுக்கம் போதிக்கிறவர் வாயில் வரும் எண்ணைக் கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி எடுத்துக்கொள்ளலாமா?

நிஜமான வியாபாரக் காகிதம் ஒன்று இருக்கிறது. முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிய கப்பல் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் சுவடி, இப்போது வியன்னாவில் உள்ளது. அந்தச் சரக்குக்கு ரோமாபுரி அரசு வசூலித்த சுங்கம் நாலில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம். மிளகு வாங்கக் காசு வெளியே போனது உண்மை. அதே மிளகு மேலேயே வரி போட்டுக் கஜானாவை நிரப்பிக்கொண்டதும் உண்மை. யாரும் யாரையும் காலி செய்யவில்லை.

பெருமைப்பட வேண்டுமானால் வேறொரு விஷயம் இருக்கிறது. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே ஓர் உளி வெட்டு! தங்கத்தின் தரம் பார்க்கவா, மறுபடி காசாகப் புழங்காமல் தடுக்கவா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். வெட்டியவனுக்கு அது தெய்வ மகனின் திருமுகம் இல்லை, எடை பார்த்து வாங்கிய தங்கம். சீசரின் பிரச்சாரம் இங்கே பலிக்கவில்லை என்பதற்கு அந்த வெட்டே சாட்சி. அன்றைக்குப் பலிக்காத அந்தப் பிரச்சாரத்தை இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வெட்டுப்படாத முகமாகத் தேடித் தேடி அதிக விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நாம்தான்.

மூன்றாவது பொய்: "ஆத்துல கிடைச்சது சார்"

ஒரு காசு மேளாவில் ஒருவரிடம் கேட்டேன், "இது எங்கே கிடைத்தது?" "ஆத்துல" என்றார். "எந்த ஆறு?" "கரூர்னு போட்டுக்கங்க தம்பி." போட்டுக்கவாம்!

அமராவதி மணலையும் தென்பெண்ணை மணலையும் சலித்துக் காசு எடுத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பால்கன் நாடுகளில் தோண்டியெடுத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் உலகச் சந்தையில் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு பிடி வாங்கிக் "கரூர்" என்று சீட்டு ஒட்டினால் எவன் கண்டுபிடிக்கப் போகிறான்? அந்தச் சீட்டை நம்பி நாளைக்கு ஒருவர் கட்டுரை எழுதுவார், அதை நம்பி இன்னொருவர் மேடையில் பேசுவார்.

கிடைத்த இடம் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அரிக்கமேடு உதாரணம். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1945-இல் வீலர் அங்கே தோண்டினார். அவருக்குக் காலத்தைக் காட்டிக்கொடுத்தது தங்கமோ வெள்ளியோ இல்லை, இத்தாலியில் செய்த உடைந்த பானை ஓடு. எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து வைத்ததால் ஓட்டாஞ்சில்லு பேசியது. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டி, ரோமானிய வணிகர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டியது. வீலர் "ரோமானிய வணிக நிலையம்" என்று சொன்னதைத் திருத்த முடிந்ததே மண்ணடுக்கு இருந்ததால்தான்.

மாக்கோதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆற்று மணலில் ஏது அடுக்கு? முகத்தின் சாயலையும் எழுத்தின் வடிவத்தையும் வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டியிருக்கிறது.

"சேகரிப்பவர்கள் இல்லையென்றால்?"

நியாயமான கேள்வி. சங்ககாலத் தமிழ் மன்னர்கள் காசே அடிக்கவில்லை என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை 1980களில் வெளிக்கொண்டு வந்தவர் 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அவரும் வியாபாரிகளிடம் வாங்கிச் சேர்த்தவர்தான். அவர் வாங்கியிருக்காவிட்டால் பல காசுகள் உருக்குச் சட்டிக்குப் போயிருக்கும்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வாங்கியதோடு நிற்கவில்லை. படம் எடுத்து, எடை போட்டு, அளவு குறித்து, புத்தகம் எழுதி, தவறு இருந்தால் மற்றவர்கள் சண்டை போட வழி செய்தார். அலமாரியில் பூட்டி வைத்து வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு மட்டும் காட்டுகிறவர் அவர் பெயரைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது.

சட்டம் எடைக்குத்தான் காசு கொடுக்கிறது

இதில் பெரிய குற்றவாளி சட்டம்தான். இந்தியப் புதையல் சட்டம் வந்தது 1878-இல். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. நல்லது. தெரிவித்தவனுக்கு என்ன கிடைக்கும்? அரசு அதை எடுத்துக்கொண்டால், அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்! இரண்டு கிராம் செப்புக்காசைக் கண்டெடுத்த கூலிக்காரர் வேலையை விட்டுவிட்டு கலெக்டர் ஆபீசுக்கு நடந்தால் திரும்பி வர பஸ் சார்ஜ்கூடத் தேறாது. வியாபாரி அங்கேயே நோட்டை நீட்டுகிறார். அவர் யாரிடம் போவார்?

1972-இன் தொல்பொருள் சட்டம் நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தொல்பொருள் என்கிறது, வியாபாரத்துக்கு உரிமம் கேட்கிறது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போடுகிறது. கிடைத்த இடத்தை ஒருவர் தைரியமாகச் சொல்ல என்ன வழி என்று மட்டும் யோசிக்கவில்லை. இங்கிலாந்தில் யோசித்திருக்கிறார்கள். 1996-இன் புதையல் சட்டப்படி அரசு அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை விலை கிடைக்கும். மற்ற சில்லறைப் பொருள்களைக் காட்டிப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்கே எடுத்துப் போகலாம். இப்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இடத்தோடு பதிவாகிவிட்டன. அங்கேயும் திருடர்கள் உண்டு. ஆனால் யோக்கியனுக்கு ஒரு கதவாவது திறந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உலோக எடைக்குப் பதில் நியாயமான விலை. மாவட்டத்துக்கு ஒரு பதிவேடு. கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். கெடிலத்திலோ பெண்ணையாற்றிலோ காசு எடுத்தவர் உள்ளே வந்து, தேதியும் இடமும் சொல்லி, படம் எடுக்கக் கொடுத்துவிட்டு, போலீஸ் பயம் இல்லாமல் டீ குடித்துவிட்டுப் போகிற நிலைமை வர வேண்டும்.

சேகரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு காசுக்கும் யாரிடம், எப்போது வாங்கினீர்கள், எங்கே கிடைத்ததாகச் சொன்னார், அதை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். இடம் தெரியாத காசுக்கு "இடம் தெரியாது" என்றே எழுதுங்கள். "கரூர்னு போட்டுக்கங்க" என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். முதலில் அந்த அட்டையில் "உலகை வென்ற தமிழன்" என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, காசில் சீசர் என்ன எழுதினான் என்பதைத் தமிழில் எழுதி வையுங்கள். படிப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்த பிறகு யோசிப்பார்கள்.