'அப்படியே ரெக்கார்ட் மாதிரி இருந்துச்சு' – இது பாராட்டா?

போன வாரம் ஹாஸ்டலில் ஒரு சண்டை. கச்சேரி பார்த்துட்டு வந்த நண்பன் சொன்னான்: "நல்லாத்தான் பாடுனாரு மச்சான், ஆனா ரெக்கார்ட் மாதிரி இல்ல." இன்னொருத்தன் உடனே, "அப்போ காசு வேஸ்ட்டா?" அங்கே ஆரம்பிச்ச சண்டை, வார்டன் கதவைத் தட்டுற வரைக்கும் ஓடியது.

என் கட்சியை இங்கே எழுதிடறேன். ரெக்கார்ட் மாதிரியே வேணும்னா ஹெட்செட் போதும். மேடைக்கு எதுக்குப் போகணும்?

எஸ்.பி.பி.யின் மேடைக் கச்சேரிகள் யூடியூபில் நிறையக் கிடக்கு. நூறு தடவை கேட்ட பாட்டுதான். ஆனா ஒரு இடத்தில் சங்கதியை மாத்துவார், இன்னொரு இடத்தில் சிரிப்பார். புல்லாங்குழல்காரர் நல்லா வாசிச்சா அவரைத் திரும்பிப் பார்த்து ரசிப்பார், கூட்டத்தையும் கைதட்ட வைப்பார். கீழே கமெண்ட்டில் ரசிகர்கள் எழுதுவதும் அந்தச் சிரிப்பைப் பத்தித்தான். பாட்டு ரெக்கார்டிலேயே இருக்கு. அந்தச் சிரிப்பு அன்னைக்கு ராத்திரி மட்டும்தான் இருந்தது. 2020 செப்டம்பர் 25-க்குப் பிறகு இனிமேல் வரப்போவதும் இல்லை.

சரி, இது வெறும் ரசனை விஷயம்னு விட்டுடலாமா? நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், எங்க தெருத் திருவிழா வரைக்கும்.

எங்க வீடு அரியமங்கலம். வெளியூர்க்காரங்களுக்கு அந்தப் பேரைச் சொன்னா குப்பைக்கிடங்குதான் ஞாபகம் வரும். எங்களுக்கு மாரியம்மன் கோயில் திருவிழாவும், அதுக்கு வர்ற மெல்லிசைக் கச்சேரியும். சின்ன வயசுல மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பாங்க. டிரம்ஸ், தபேலா, கிட்டார், ரெண்டு கீபோர்டு. பக்கத்து வீட்டு அண்ணன் அதில் ஒரு கீபோர்டு.

இந்த வருஷம் மேடையில் ரெண்டு பாடகர்கள், ஒரு லேப்டாப். அவ்வளவுதான். இசை முழுக்க டிராக்கில் ஓடுது. அண்ணன் எங்களோட கீழே நின்னு பார்த்துட்டு இருந்தார். என் பக்கத்துப் பையன் சொன்னான்: "செம்ம! மியூசிக் அப்படியே ஒரிஜினல் மாதிரியே இருக்குல்ல?" அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "அது ஒரிஜினலேதான் தம்பி" என்றார். வேற எதுவும் சொல்லலை.

கமிட்டியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? லேப்டாப் செலவு கம்மி. அது மட்டும் காரணமும் இல்லை. ரெக்கார்ட் மாதிரி இருக்கணும்னு கேட்டது நாமதான். தபேலா கொஞ்சம் பிசகினாலும் வீடியோ எடுத்துச் சிரிச்சது நாமதான். பிசகாத லேப்டாப்பைக் கொண்டு வந்து வச்சுட்டாங்க.

இதில் போறது நாலு பேர் சம்பளம் மட்டும் இல்லை. எஸ்.பி.பி. அனந்தபூரில் இன்ஜினியரிங் சேர்ந்து, டைபாய்டு வந்து பாதியில் விட்டவர். அப்புறம் சென்னையில் ஏ.எம்.ஐ.இ. சேர்ந்தார். சினிமாவில் பெரிய பேர் வர்றதுக்கு முன்னாடி அவரே ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அதில் கிட்டாரும் பிறகு ஹார்மோனியமும் வாசிச்சவர் இளையராஜா. 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். அதுவரைக்கும் அவர் பழகினது இந்த மாதிரி மேடைகளிலும்தான். அன்னைக்கு அந்த மேடையில் ஒரு லேப்டாப் இருந்திருந்தா?

"காசு கொடுத்தவன் தெரிஞ்ச பாட்டைத் தெரிஞ்ச மாதிரி கேட்க ஆசைப்படக் கூடாதா?" என்று நண்பன் கேட்டான். ஆசைப்படலாம். சுருதி விலகினா, மைக் செட் சொதப்பினா, திட்டவும் திட்டலாம். ரசிகன்னா எல்லாத்தையும் புகழணும்னு நான் சொல்லவே இல்லை. 2023 செப்டம்பர் 10-ல் சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி நடந்தப்போ, டிக்கெட் வச்சிருந்தும் உள்ளே போக முடியாம நிறையப் பேர் திரும்பினாங்க. அவங்க பட்டதை அப்படியே எழுதினாங்க. மறுநாளே ரஹ்மான் டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு நடந்தது. அனுபவத்தை உள்ளபடி சொன்னா அதுக்கு மதிப்பு இருக்கு.

அந்த மதிப்பை நல்லதைச் சொல்லவும் பயன்படுத்துவோமே. அடுத்த கச்சேரிக்குப் போயிட்டு வந்தா "செம்ம வைப்" என்பதோடு நிறுத்தாதீங்க. எந்த இடத்தில் பாட்டு மாறுச்சு, யார் வாசிச்சது கேட்டு உடம்பு சிலிர்த்தது, எங்கே தப்பாகி எப்படிச் சமாளிச்சாங்க – இதை ரெண்டு வரி எழுதுங்க. பேர் தெரியலைன்னா மேடைக்குப் பின்னாடி போய்க் கேளுங்க. சந்தோஷமா சொல்வாங்க.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு எங்க தெருப் பசங்க சேர்ந்து கமிட்டிகிட்ட ஒரு கோரிக்கை வைக்கப் போறோம்: ஒரு தபேலா, ஒரு கீபோர்டு. மிச்சத்தை வேணும்னா லேப்டாப் வாசிக்கட்டும்.

அண்ணன்கிட்ட இன்னும் சொல்லலை.