குருமாரை விளிக்கும் மரபு

நம் இலக்கண நூலார் விளியை எட்டாம் வேற்றுமையாக வைத்தனர். வாழ்க்கையிலோ அதுவே முதலாவதாக நிற்கின்றது. ஒருவரை விளித்த பின்னரன்றோ அவரோடு பேச்சுத் தொடங்குகின்றது? ஆதலின், நம் நாஞ்சில் நாட்டிலே திருச்சபைக் குருமாரை எங்ஙனம் விளித்தல் தகும் என்பதுபற்றி எமக்குத் தோன்றிய சில கூறத் துணிந்தோம்.

இச்சிறு நாட்டில் வழங்கும் விளிகள் பல. 1806-ஆம் ஆண்டில் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் ஊழியஞ்செய்த ரிங்கல்தௌபே முதலாக, இலண்டன் மிஷன் தொண்டரை நம் முன்னோர் 'ஐயர்' என்றனர். நெல்லையில் உழைத்த கால்டுவெல்லும் போப்பும் அங்ஙனமே ஐயராயினர். ஒரு குலத்தாரின் பட்டப்பெயராக வழங்கிய சொல், உயர்ந்தோன், ஆசான் என்னும் தன் பழம்பொருளுக்கு மீண்டு, எக்குலத்திற் பிறந்த போதகருக்கும் உரியதாயிற்று. இது சிறிய மாற்றமன்று. கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கக் குருவைச் 'சாமி' என்பர் முதியோர். 'ஃபாதர்' என்பர் இளையோர். 1996-ல் மார்த்தாண்டத்தில் மறைமாவட்டம் கண்ட மலங்கரைச் சபையார்க்கு அவர் 'அச்சன்'. இரட்சணிய சேனையாரோ கேப்டன், மேஜர் என்று படைப்பெயரால் அழைப்பர். அப்பெயர் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் ஒன்றே.

இனி, எம்மை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்வோம். ஓர் ஊர்ச் சபையின் பண்டிகை ஆராதனைக்குச் சென்றிருந்தோம். அன்று அருளுரை ஆற்றியவர் குருப்பட்டம் பெற்ற ஒரு பெண்மணி. அழைப்பிதழிலே உடன்வந்த ஆடவர் இருவர்க்கும் 'மறைத்திரு' என்றிருந்தது. அவர்க்கு மட்டும் 'திருமதி' என்றிருந்தது. ஆராதனை முடிந்தபின் பெரியோர் அவரைச் சூழ்ந்து நின்றனர். 'ஐயர்' என்னவும் நா எழவில்லை. 'ஐயரம்மா' என்றால் அது போதகரின் மனைவியார் பெயராய் நெடுங்காலம் வழங்கிவிட்டது. ஆகவே, ஒருவரும் அவரை ஒன்றும் அழையாமலே பேசிச் சென்றனர். யாமும் அங்ஙனமே செய்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அது எம்மை உறுத்திற்று. ஒருவர் பணியை ஏற்றுக்கொண்டு, அப்பணிக்குரிய பெயரை மறுத்தல் பாதிக் கதவைத் திறந்து விருந்தினரை வரவேற்பதனை ஒக்கும்.

'அம்மா என்பதினும் உயர்ந்த சொல் உண்டோ?' என்பர் சிலர். உயர்ந்த சொல்லே, மறுப்பாரிலர். ஆடவரை 'ஐயா' என்றழைக்குமிடத்துப் பெண்டிரை 'அம்மா' என்க. ஆனால், அவரைப் பணிப்பெயராலும் இவரை உறவுப்பெயராலும் அழைப்பின், தராசின் தட்டுக்கள் ஒவ்வாவாம். வேறு சிலர், மனிதரால் ரபீ என்றும் தந்தை என்றும் அழைக்கப்படுதலை விரும்பாதிருக்க நம் ஆண்டவர் கற்பித்தாரே, பட்டங்கள் எற்றுக்கு என்பர். அவ்வுபதேசம் பட்டத்தை நாடும் செருக்கைக் கடிந்தது. அதனைக் கைக்கொள்வதாயின் அனைவர் பட்டத்தையும் ஒருங்கே களைக; பெண்டிர் முறை வரும்போது மட்டும் அதனை நினைவுகூர்தல் நேர்மையன்று.

இதற்குத் தமிழிலேயே வழியுண்டு. 'போதகர்' என்னும் சொல் ஆசிரியர், புலவர் என்பனபோல இருபாற்கும் பொதுவாய் நிற்பது. 1606-ல் மதுரைக்கு வந்த நொபிலி அடிகளும் 'தத்துவ போதகர்' எனப்பெற்றாராதலின், அது எச்சபையார்க்கும் புதிதன்று. 1947-ல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையில், 2013-ஆம் ஆண்டில் புஷ்பலலிதா அவர்கள் நந்தியால் பேராயராகத் திருநிலை பெற்றனர். அச்சபையின் முதற் பெண் பேராயர் அவரே. அவர்பொருட்டுப் 'பேராயர்' என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை. மேலே பொருந்திய முறை கீழே ஏன் பொருந்தாது?

ஆகலின் யாம் வேண்டுவன இவை: எழுதுமிடத்து இருபாலார் பெயர்முன்னும் 'மறைத்திரு' என்றே எழுதுக. அஃது எழுத்திற்குரிய அடை. நேரிற் பேசுமிடத்து 'போதகர் அவர்களே' என்க. ஒருவர்க்கே ரெவரெண்ட், பாஸ்டர், ஐயர் என மூன்றனையும் அடுக்குதல் மரியாதையாகாது. 'ஐயர்' என்ற பழஞ்சொல் நம் பாட்டனார் நாவில் அன்போடு வழங்குக. ஐயரம்மாமார்க்கும் அப்பெயர் நிலைக்க. அவர்தம் தொண்டு சிறிதன்று. பெண் போதகரின் கணவரை என்னென்று அழைப்பது என்று நகைப்பார்க்கு, அவரைப் பெயர்சொல்லி அழைக்கலாம் என்பதே எம் விடை.

அடுத்தமுறை அப்பெண்மணியைக் காணுங்கால், முன்சென்று, 'போதகர் அவர்களே, வணக்கம்' என்று கூறுவதாக உறுதி பூண்டுள்ளோம். பெரியோர் எம் இளமையைப் பொறுத்து, குற்றம் களைந்து குணங்கொள்வாராக.