காசும் கேஷும்

மேடையேறும் நம் நண்பர்களில் சிலர், தமிழின் பெருமையைச் சொல்லத் தொடங்கிவிட்டால் தவறாமல் ஒரு சொல்லை எடுத்து வீசுவர். "வெள்ளைக்காரன் 'கேஷ்' என்கிறானே, அது எது? நம் காசு! நம்மிடம் வாங்கிய சொல்!" என்று முழங்குவர். கைதட்டல் எழும், தூத்துக்குடிக் கடலின் அலையோசையும் அதில் அடங்கிப்போகும். முழக்கம் இனிக்கிறது. ஆனால் முழுவதும் உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியே நமக்குப் போதும் என்பேன் நான்.

கையிலுள்ள ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம்முடையதன்று. இலத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அதன் வழிவந்த சொல் இத்தாலியிலும் பிரான்சிலும் பணப்பெட்டியைக் குறித்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்தில் நுழைந்தபோது, பெட்டிக்கும் அதுவே பெயர், பெட்டிக்குள் கிடந்த பணத்துக்கும் அதுவே பெயர். பின்னர் பெட்டி மறைந்தது, பணம் நின்றது. வங்கியிலே அமர்ந்திருக்கும் 'கேஷியர்' அந்தப் பெட்டிக் குடும்பத்துப் பிள்ளை. படை அதிகாரியை இழிவுபடுத்தி விலக்குவதையும் ஆங்கிலேயர் 'கேஷியர்' என்பர். அது வேறொரு வேரில் முளைத்தது, இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஓசை ஒன்றானால் உறவும் ஒன்று என்போர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படியானால் நம் காசு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அதே ஆங்கில அகராதியில், அதே எழுத்துக்களோடு, தனிச் சொல்லாக நிற்கிறது இன்னொரு 'கேஷ்'. கீழைநாட்டுச் சிறு நாணயம் என்று பொருள். அது காசுதான்! கடல் கடந்து வந்த போர்த்துகீசியர், நம் மக்கள் 'காசு' என்றதைக் கேட்டனர். அவர்கள் மொழியில் பெட்டிக்குக் 'காய்ஷா' என்று பெயர். கேட்ட சொல்லைத் தெரிந்த சொல்லின் உருவில் எழுதிக்கொண்டனர். அவர்களிடமிருந்து பெற்ற ஆங்கிலேயர், தங்களிடமிருந்த 'கேஷ்' போலவே அதையும் எழுதினர். ரோமாபுரிப் பெட்டியும் தமிழகத்துக் காசும் ஒரே சட்டையை மாட்டிக்கொண்ட கதை இதுதான்.

இந்த இரண்டாவது கேஷ் போன தூரம் கொஞ்சமா? நடுவிலே சதுரத் துளையிட்ட சீனத்துச் செப்புக்காசை ஆங்கிலேயன் எப்படி அழைத்தான்? 'கேஷ்' என்றே அழைத்தான். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கிலே 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை அதுவே முறை. 1808-ஆம் ஆண்டிட்ட 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்கள் இங்கிலாந்திலேயே அடிக்கப்பட்டன. 'கேஷ்' என்ற சொல் அவற்றில் பொறிக்கப்பட்டது. அவற்றை ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தனர். முத்துக்குளித்த கரையினர் நாம்; நம் சொல்லை அங்கே மூழ்கி எடுத்திருக்கிறார்கள்!

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு உண்டு. சோழர் காலத்தில் ஈழக்காசு என்றே ஒரு நாணயம் வழங்கியது. வெண்பாவின் கடைசிச் சீருக்கு வாய்பாடு சொன்ன இலக்கணக்காரருக்கும் 'காசு' நினைவுக்கு வந்தது. வடமொழியின் 'கர்ஷ' என்ற எடைப்பெயரிலிருந்தே காசு பிறந்தது என வாதிடும் அறிஞரும் உளர். அந்த வழக்கைச் சான்று காட்டி நடத்தவேண்டும். உலகத்துக் கேஷெல்லாம் எம்முடையதே என்று நாம் கூவினால், எதிரே இருப்பவர் அகராதியைப் பிரித்துக்காட்டிச் சிரிப்பார். பிறகு கட்டுமரத்தைச் சொன்னாலும் நம்பமாட்டார். கட்டுமரமோ, ஐயத்துக்கு இடமின்றி நம்மிடமிருந்து போன சொல்!

என் நெஞ்சை உறுத்துவது இன்னொரு சொல். கூலி. உழைத்தவனுக்கு உரிய ஊதியம் அது. ஆங்கிலத்தில் அது ஆளின் பெயராகி, வசையாகவும் ஆகிவிட்டது. (குஜராத்துக் கோலி மக்களின் பெயரும் அதில் கலந்தது என்பர்.) தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு சென்ற தோட்டத் தொழிலாளர் அந்தப் பெயரைத்தான் சுமந்தனர். காசை நாணயத்தில் பொறித்தவன், கூலியை மனிதன் முதுகில் பொறித்தான். இதே ஊரில் 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, வேலைநிறுத்தம் செய்து கேட்டது எதை? கூலி உயர்வை. கேட்டார்கள், பெற்றார்கள். அன்று அவர்கள் வாயில் அந்தச் சொல் வசையாகவா ஒலித்தது?