கோடி தராசாகுமா?

சில மாதங்களுக்கு முன் காயல்பட்டினத்தில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தோம். நமக்கு அடுத்த சஹனைச் சுற்றி மூன்று இளைஞர்கள் அமர்ந்திருந்தனர். ஒருவர் ஒரு திரைப்படத்தின் முதல் நாள் வசூலைச் சொன்னார். மற்றவர் அதை மறுத்து, தமக்குப் பிடித்த நடிகரின் படம் அத்தொகையை என்றோ தாண்டிவிட்டது என்றார். மூன்றாமவர் இருவரையும் அடக்கி, வெளிநாட்டு வசூலையும் கூட்டிச் சொன்னார். குரல்கள் உயர்ந்தன. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: "எல்லாம் சரி வாப்பா, அந்தப் படத்துல கதை என்ன?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அவர்களுள் இருவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை!

காயல்பட்டினத்தில் திரையரங்கு கிடையாது. அதை அவ்வூரார் பெருமையுடன் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் கொட்டகை இல்லாத ஊரிலும் கொட்டகையின் கூச்சல் வந்து சேர்ந்துவிட்டதே, அதற்கு என்ன செய்வது? சினிமா பார்க்கலாமா, கூடாதா என்ற மார்க்கச் சர்ச்சையை உலமாப் பெருமக்களிடமே விட்டுவிடுவோம். நாம் பேச வந்தது வேறு. படத்தைப் பார்க்காத பிள்ளைகூட அதன் வசூலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறதே, அந்த நோயைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

மூடிய சிப்பியும் மூன்று நாள் மௌனமும்

தூத்துக்குடிக் கடற்கரைக்கு மதிப்பிடும் கலை புதியதன்று. மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பில் காயலும் இக்கடலின் முத்துக்குளிப்பும் இடம்பெற்றிருக்கின்றன. முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் பரதவரும், காயல், கீழக்கரை முஸ்லிம்களும் ஒரே கடலில் மூழ்கினர். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட வல்லவர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் சொல்லும் மதிப்பைக் கொண்டே அந்த ஆண்டு முத்துக்குளிப்பு உண்டா, இல்லையா என்று முடிவாகும். பிறகுதான் தோணிகள் கடலுக்குச் செல்லும். கரைக்கு வந்த சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக, மூடியபடியே ஏலம் போகும். முத்து எடுத்தபின் துளை அளவு வேறுபட்ட சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். உருவம், ஒளி, எடை என ஒவ்வொன்றும் பார்க்கப்படும். ஏலத்தில் கத்தியவன் எவ்வளவு உரக்கக் கத்தினான் என்பதைக் கொண்டு எந்த வணிகனும் முத்தின் தரத்தை முடிவு செய்ததில்லை.

இன்றைய படவெளியீடும் மூடிய சிப்பியின் ஏலந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலேயே முதல் நாள் சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போர் இருக்கிறார்கள். ஆனால் பழைய ஏலத்தில் மாதிரி பார்த்துச் சொல்ல ஒருவன் இருந்தான். இன்று அப்படிச் சொல்பவனின் வாயைக் கட்ட வேண்டும் என்கிறார்கள்!

நடந்ததை நினைவூட்டுகிறோம். 2024 நவம்பரில் 'கங்குவா' வெளிவந்தது. அது 2000 கோடி ரூபாய் வசூலிக்கும் என்று தயாரிப்பாளரே முன்கூட்டிப் பேட்டியில் முழங்கியிருந்தார். பார்த்தவர்கள் குறை சொன்னார்கள். காது கிழியும் ஓசையைச் சிறப்பாகக் கண்டித்தார்கள். ஒலியமைப்புக்காக ஆஸ்கர் விருது பெற்ற ரசூல் பூக்குட்டியும் அந்த இரைச்சலைக் குறித்து வெளிப்படையாக வருந்தினார். படத்துறையினரோ விமர்சகர்கள் மீது பாய்ந்தனர். திரையரங்கு வளாகத்தில் யூடியூப் விமர்சகர்களை அனுமதிக்கலாகாது என்று அறிக்கை வந்தது. வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனமே வரக்கூடாது என்று தயாரிப்பாளர் அமைப்பொன்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்து, விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தைச் சார்ந்தது என்பதை நினைவூட்டிற்று.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. குறை சொன்னவர்களை எதிரிகள் என்று ஏசிய அதே வேளையில், திரையரங்குகளில் ஒலியைக் குறைக்கச் சொன்னவரும் அப்படத்தின் தயாரிப்பாளரே. அதே ஆண்டு ஜூலையில் வந்த 'இந்தியன் 2' படத்தையும் வெளியானபின் வெட்டிச் சுருக்கினார்கள். விமர்சகன் சொன்னது பொய்யானால் ஏன் திருத்தினீர்கள்? மெய்யானால் ஏன் ஏசினீர்கள்?

விமர்சகர்கள் அனைவரும் உத்தமர்கள் என்று நாம் சான்று தரவில்லை. காசு வாங்கிக்கொண்டு புகழ்பவர் உண்டு. காசு வராததால் இகழ்பவரும் உண்டு. ஒரு நடிகரின் தோற்றத்தையும் குடும்பத்தையும் இழித்துரைத்து அதை விமர்சனம் என்பவர் உண்டு. அவை கண்டிக்கத்தக்கவை. ஆயினும் கள்ளத் தராசு சில இருக்கின்றன என்பதற்காகச் சந்தையில் தராசே வேண்டாம் என்பார் உண்டா?

நஜ்ஷ் என்னும் குற்றம்

வசூல் விளம்பரத்தை நம் மார்க்கத்தின் ஒளியில் பார்க்க வேண்டும். வாங்கும் எண்ணமே இல்லாதவன் ஏலத்தில் நின்று விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை ஏமாற்றுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்பதற்கு புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஹதீஸ் உண்டு. அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கவே 'முதஃப்பிஃபீன்' என்றோர் அத்தியாயம் திருக்குர்ஆனில் இருக்கிறது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது 'ஹுஜுராத்' அத்தியாயத்தின் 6ஆம் வசனம் தரும் படிப்பினை.

சுவரொட்டியில் அச்சிடப்படும் கோடிகளை யார் விசாரித்தார்? அத்தொகையைப் பொதுமக்கள் சரிபார்க்க வழி என்ன இருக்கிறது? மொத்த வசூல் என்று சொல்லப்படுவதில் வரியும் திரையரங்கின் பங்கும் விநியோகஸ்தரின் பங்கும் அடங்கும் என்பதைக்கூட அறியாமல் நம் பிள்ளைகள் வாதிடுகிறார்கள். சீட்டின் விலை ஏற ஏறப் 'புதிய சாதனை'யும் ஏறும் என்ற எளிய கணக்கும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அறியாத ஒரு தொகையை ஊர் முழுவதும் பரப்பி, பிறரையும் வாங்கத் தூண்டுகிறவன் நஜ்ஷ் செய்பவனின் கையாளாகிறான். அதற்குக் கூலிகூட அவனுக்குக் கிடையாது!

கூலி கிடைக்காததோடு போனாலும் பரவாயில்லை. 2023 ஜனவரியில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தின்போது சென்னைத் திரையரங்கு ஒன்றின் முன் ஓர் இளைஞன் லாரியிலிருந்து விழுந்து மாண்டான். 2024 டிசம்பரில் ஹைதராபாதில் 'புஷ்பா 2' படத்தின் சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தாள். அவளுடைய சிறுமகன் உயிருக்குப் போராடினான். அந்தக் கணக்கை எந்தச் சுவரொட்டியும் அச்சிடவில்லை.

ஒரு காலத்தில் படங்களுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் இருந்தது. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62½ கொடுத்ததைப் பெரும் செய்தியாகப் பேசினார்கள். அந்த மதிப்பெண்ணோடு உடன்படலாம், சண்டையும் போடலாம். ஏனெனில் அதன் பின்னால் படத்தைப் பார்த்துக் காரணம் சொன்ன ஒரு மனிதன் இருந்தான். கோடியின் பின்னால் காரணம் இல்லை. எனவே அதனோடு சண்டை போடவும் வழியில்லை.

அசகாய சூரர்கள்

இன்று கோடிகளைக் குவிப்பவை பெரும்பாலும் அசகாய சூரர்களின் கதைகள். அமெரிக்கா அனுப்பும் 'சூப்பர் ஹீரோ' படங்கள் தமிழ் பேசியே நம் வீடுகளுக்கு வருகின்றன. 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்துக்குத் தமிழ் வசனம் எழுதியவர் ஏ.ஆர். முருகதாஸ், 'அயர்ன் மேன்' வாய்திறந்தால் விஜய் சேதுபதியின் குரல் ஒலித்தது. அதே ஆண்டு, அமெரிக்காவின் மூத்த இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி அத்தகைய படங்களைக் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒப்பிட்டு, அவை தாம் அறிந்த சினிமா அல்ல என்றார். உடனே அவர் மீது பாய்ந்தவர்கள் காட்டிய ஆதாரம் என்ன? அதே வசூல்தான்.

நம் நாட்டுச் சூரர்களுக்கு முகமூடி இல்லை. காக்கிச் சட்டையோ படைவீரனின் உடையோ போதும். தூத்துக்குடியையே களமாகக் கொண்டு 2010இல் 'சிங்கம்' வந்தது. 2013இல் இரண்டாம் பாகம் வந்தது. நம் துறைமுகம் அதில் கடத்தல்காரரின் கூடாரம். ஒற்றைக் காவல் அதிகாரியின் ஓங்கிய கையால் அனைத்தும் தீர்ந்துவிடுகிறது. சுமை தூக்குபவர், உப்பளத்தில் வெந்து உழைப்பவர், தோணி ஓட்டுபவர் ஆகியோர் அங்கே கைதட்டுவதற்கு மட்டும் தேவைப்படுகிறார்கள்.

இவ்வகைக் கதைகள் எல்லாமே வெறும் பதர் என்று தள்ளவும் நாம் தயாரில்லை. 2023இல் வந்த 'மாவீரன்' படத்தின் நாயகன் அஞ்சி ஒடுங்கும் ஒரு சித்திரக்காரன். ஏழைகளுக்கென்று மோசமாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளே அதன் கதைப்பொருள். நம் முன்னோரும் வீரக்கதைகளை விரும்பியவர்களே. படைப்போர் இலக்கியங்களும் கிஸ்ஸாக்களும் நம் வீடுகளில் இராகமிட்டுப் படிக்கப்பட்டன. அவற்றிலும் ஒருவர் ஓராயிரம் பேரை வெல்வார். ஆனால் அவ்வீரர் வெற்றியைத் தம்முடையதென்று சொல்லிக்கொள்வதில்லை, இறைவனுக்கே உரியதாக்குவார். இன்றைய சூரனுக்கு மேலே எவரும் இல்லை, அவனுக்கு அருகிலும் எவரும் இல்லை.

1961 தரும் பாடம்

இந்தத் தூத்துக்குடியில் மெய்யான வீரர் ஒருவர் இருந்தார். 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் வானத்தில் பறக்கவில்லை. வீடு வீடாகச் சென்று பங்கு சேர்த்தார். ஒரு பங்கு 25 ரூபாய். 8000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் தந்து அம்முயற்சிக்குத் தோள்கொடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர். வ.உ.சி.யின் வீரம் பலர் சேர்ந்து நின்ற வீரம். அதனால்தான் 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களும் அவர் பின்னே நின்றார்கள்.

அவருடைய வரலாற்றை பி.ஆர். பந்துலு 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' என்று படமாக்கினார். சிவாஜி கணேசன் வ.உ.சி.யாகவே தோன்றினார். அப்படம் வசூலில் தோற்றது. தயாரித்தவருக்கு நட்டம் வந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்ததும் அதே 1961இல்தான். அந்த ஆண்டில் கோடி கொழித்த படங்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? தோற்ற படத்தின் பெயரோ வ.உ.சி.யின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வசூல்தான் தராசு என்றால் அந்தப் படத்தை அன்றே குப்பையில் எறிந்திருக்க வேண்டுமல்லவா?

நம் கடமை

சினிமாவின் முன் நம் சமுதாயம் இதுவரை இரண்டு வேலைகளையே செய்து வந்திருக்கிறது. ஒன்று, கண்ணை மூடிக்கொள்வது. மற்றது, அடிபட்டபின் தெருவில் இறங்குவது. 'துப்பாக்கி' 2012இல் வந்தபோதும், 'விஸ்வரூபம்' 2013இல் வந்தபோதும், 'பீஸ்ட்' 2022இல் வந்தபோதும் கண்டன அறிக்கைகள் பறந்தன. நம் வேதனை நியாயமானது. அசகாய சூரனுக்கு ஓர் எதிரி வேண்டும். அவனுக்குத் தாடியும் தொப்பியும் வைத்துவிட்டால் கதாசிரியரின் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் கண்டனம் ஒரு வாரத்தில் ஓய்கிறது. அதுவும் படத்துக்கு விளம்பரமாகிறது. 'விஸ்வரூபம்' தமிழகத்தில் இரு வாரம் தாமதமாகத் திரைக்கு வந்தபோது, அதைப் பற்றி அதுவரை கேள்விப்படாதவரும் தேடிச் சென்றதை நாம் அறிவோம். அந்தக் கதையின் ஓட்டை எங்கே, அந்தப் பாத்திரம் ஏன் உயிரற்றது என்று காரணத்தோடு எழுதி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்? அப்படி எழுதி வைத்திருந்தால் அடுத்த தலைமுறையின் கையில் அது ஒரு தராசாக இருந்திருக்கும்.

எனவே பெற்றோர்களே, பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்குவதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். அவன் ஒரு படத்தைப் பற்றிப் பேசினால் அருகில் அமர்த்தி மூன்று கேள்விகள் கேளுங்கள். இது யாரை மனிதனாகக் காட்டுகிறது? யாரை எதிரியாக்குகிறது? அந்தத் தொகையை நீ எப்படி அறிந்தாய்? மூன்றாவது கேள்விக்கு அவனிடம் விடை இருக்காது. விடை இல்லை என்று அவன் உணர்வதே நல்ல தொடக்கம். நம் இதழ்களும் ஜமாஅத் நூலகங்களும் இளைஞர்களைப் படம் பற்றியும் எழுதச் சொல்லட்டும். புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் காரணம் கேட்கட்டும். அரங்கேற்றத்தில் அவையோரின் கேள்விக்கு நின்று விடையளிப்பது தமிழ்ப் புலவர் மரபு. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரம் இந்தத் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அம்மரபின் பிள்ளைகள் கேள்வி கேட்க அஞ்சலாமா?

விருந்து முடிந்து கை கழுவும்போது அந்த இளைஞர்களுள் ஒருவர் பெரியவரிடம் வந்தார். "மாமா, கதையைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றார். "சொல்லு வாப்பா. நல்லா இருந்தா ஏன் நல்லா இருக்குன்னும் சொல்லணும்" என்றார் பெரியவர்.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை தவறாத சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.