கூரையும் காப்பீட்டு விலக்குகளும்



வீட்டுக் காப்பீடு பற்றிய தங்கள் கட்டுரை நன்று. ஆனால் விலக்குகளை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், சண்டையே அங்குதான். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் மாடியில் கூரை ஷீட் போட்டுத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுவது வழக்கம். கோடைமழைக் காற்றில் எங்கள் ஷீட் பறந்தபோது, துருப்பிடித்த போல்ட், நாள்பட்ட தேய்மானம் என்று காப்பீட்டு நிறுவனத்தார் இழப்பீட்டை மறுத்தார்கள். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் இழப்பீடு உண்டு என்ற பட்டியலில் புயல், வெள்ளம் உண்டு, துரு இல்லை. சரி, பறந்தது காற்றாலா, துருவாலா? அதையும் அவர்கள் அனுப்பும் சர்வேயரே சொல்கிறார்! நிறுவனத்திடம் முறையிட்டும் ஒரு மாதத்தில் தீராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். வீட்டுக்கடனோடு பாலிசியையும் தலையில் கட்டும் வங்கிகள், விலக்குப் பக்கத்தைத் தமிழில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்கும் முன்பே தர வேண்டும்.

— வாசகர், ஓசூர்