புரோட்டீன் சாப்பிட்டா சீக்கிரம் வயிறு நிறைவது ஏன்? எடை குறைப்பு ஊசிக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

எடை குறைப்பு ஊசிதான் இப்போ ஆபீஸ் கேன்டீன் வரை பேச்சு. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. வெகோவியில் உள்ள செமாகுளுடைட் மருந்தின் காப்புரிமை 2026 மார்ச்சில் இங்கே முடிந்தது. இன்னொரு பக்கம், 'புரோட்டீன்தான் இயற்கையான ஊசி' என்று ரீல்ஸ் ஓடுகிறது. இது எவ்வளவு தூரம் உண்மை?

குடலுக்கு எப்படித் தெரியும்?

முட்டையோ பருப்போ, அதிலுள்ள புரதத்தை இரைப்பை, கணைய நொதிகள் பெப்டைடுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைக்கின்றன. குடலின் உள்சுவரில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. ஆனால் வந்திருப்பது என்ன என்று கண்டுபிடிப்பது அவைதான். அவற்றின் மேலுள்ள சிஏஎஸ்ஆர் போன்ற ஏற்பிகளில் அமினோ அமிலம் ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. ஹார்மோன் வெளியேறுகிறது.

என்னென்ன ஹார்மோன்?

* சிசிகே: பித்தப்பையைச் சுருங்க வைக்கும், வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும்.
* ஜிஎல்பி-1: இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும்.
* பிஒய்ஒய்: பசியைக் குறைக்கும்.

அப்போ ஊசி எதுக்கு?

உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 சுமார் 2 நிமிடத்திலேயே பாதியாகிவிடும். டிபிபி-4 என்ற நொதி அதை உடைத்துவிடுகிறது. (சர்க்கரை நோய்க்குத் தரப்படும் வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் மாத்திரைகள் தடுப்பது இந்த நொதியைத்தான்.) செமாகுளுடைட் பாதியாகக் குறைய சுமார் ஒரு வாரம் ஆகும். அதனாலதான் வாரம் ஒரு ஊசி போதும். ஆக, இரண்டும் போகும் பாதை ஒன்று, பலம் வேறு. புரோட்டீன் ஒரு வேளைப் பசியை அடக்கும். உடல் பருமனுக்கான மருந்தாகாது.

நாம் கவனிக்க வேண்டியது?

ஊசி போட்டாலும் புரதம் தேவை. பசி குறைந்து சாப்பாடு குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். ஐசிஎம்ஆர்-என்ஐஎன் 2020 பரிந்துரைப்படி, ஒரு கிலோ எடைக்கு தினம் 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். தட்டு நிறைய சோறும் ஒரு கரண்டி சாம்பாரும் கணக்கை எட்டாது. சுண்டல், பயறு, தயிர், மீன் என மூன்று வேளையும் பிரித்துச் சேர்க்கலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அளவைக் கூட்டக் கூடாது. ஊசிக்கும் அதே விதிதான்: விலை குறைந்துவிட்டது என்பதற்காக டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம்.